சைக்கிளை விட்டு இறங்குதல்

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகள் சரித்திர நூல்களில் இடம்பெற்றிருக்கின்றன. சீனத் தொழிலாளர்க்கு அளிக்கும் கூலி தமக்கும் வேண்டும். பிள்ளைகட்குத் தக்க கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். தம் பெண்டிரிடம் மேலதிகாரிகள் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும். இவற்றைப் படிப்போர் எவரும் நியாயமே என்று தலையசைத்து மேலே செல்வர். ஆனால் அப்பட்டியலில் வேறொரு கோரிக்கையும் உண்டு. வெள்ளைக்காரத் துரைமாரும் ஆசிய உத்தியோகஸ்தரும் எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும், அவன் ஏறியபடியே செல்லலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அது.

கூலிக்காகவும் கல்விக்காகவும் போராடியவர்கள், சைக்கிளில் அமர்ந்திருக்கும் உரிமைக்காகவா போராடினார்கள் என்று இக்கால இளைஞர் வியக்கலாம். வியப்பதோடு நில்லாது, அதனைச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்க்குமாறு வேண்டவே இக்கட்டுரையை எழுதலானேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு பந்தயம். சில மாதங்களுக்கு முன், சிலாங்கூரில் நடந்த சிறியதொரு அமெச்சூர்ப் பந்தயத்தில் நானும் கலந்துகொண்டேன். முதலில் 5 கிலோமீட்டர் ஓட்டம். பின்னர் 30 கிலோமீட்டர் சைக்கிள். மீண்டும் 5 கிலோமீட்டர் ஓட்டம். டுவாத்லான் என்று இதற்குப் பெயர். இவ்வகைப் பந்தயங்களுள் புகழ்வாய்ந்தது சுவிட்சர்லாந்து நாட்டின் சோஃபிங்கன் நகரில் 1989இல் தொடங்கிய பவர்மேன். அப்பெயர் தாங்கிய பந்தயம் நம் நாட்டிலும் நடைபெற்று, புத்ராஜெயாவின் அகன்ற சாலைகளில் 10 கிலோமீட்டர் ஓட்டம், 60 கிலோமீட்டர் சைக்கிள், மீண்டும் 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று ஆயிரக்கணக்கானோரை ஈர்த்ததைப் பலரும் அறிவர்.

இப்பந்தயத்தில் ஒரு விதி உண்டு. ஓடி முடித்தவன் தன் சைக்கிள் நிற்கும் இடத்துக்கு வந்து, தலைக்கவசத்தின் வாரை மாட்டிய பின்னரே வண்டியைத் தொடலாம். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, தரையில் வரைந்திருக்கும் ஏறுகோட்டைக் கடந்த பின்னரே அதில் ஏறலாம். அவ்வாறே திரும்பி வரும்போது இறங்குகோடு ஒன்று உண்டு. அதற்கு முன்னரே இறங்கிவிட வேண்டும். கோட்டை ஏறியபடியே கடந்தவனுக்குத் தண்டனை உண்டு. முதல்வனாக வருபவனும் இறங்க வேண்டும். கடைசியில் வருபவனும் இறங்க வேண்டும். அன்று அந்தக் கோட்டருகே கொடி பிடித்து நின்ற பெண்மணி என்னைப் பார்த்து, "இறங்குங்கள், இறங்குங்கள்!" என்று கூவிய கணத்தில்தான், 1941ஆம் ஆண்டின் அக்கோரிக்கை என் நினைவில் தைத்தது.

ரப்பரும் சக்கரமும்

சைக்கிளுக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு, கிராணியார் அதில் ஏறி மலைக்காட்டைச் சுற்றி வந்தார் என்பதோடு முடிவதன்று. சைக்கிள் இல்லையேல் இத்தோட்டங்களே இத்துணை விரைவில் தோன்றியிரா.

இரண்டு சமமான சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட இன்றைய சைக்கிளின் வடிவத்தை 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் அமைத்தார். ஆயினும் கெட்டியான ரப்பர்ப் பட்டை சுற்றிய சக்கரம் கல்லிலும் பள்ளத்திலும் உடலைக் குலுக்கி எடுத்தது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார். அதன் பெருமையை உலகுக்கு அறிவித்தது விளம்பரமன்று, ஒரு பந்தயமே. 1889இல் பெல்பாஸ்டில் நடந்த போட்டிகளில் வில்லியம் ஹியூம் என்ற வீரர் காற்றுச் சக்கரம் பூட்டிய சைக்கிளில் ஏறி வந்தபோது பார்த்தவர்கள் நகைத்தார்களாம். பந்தயம் முடிந்ததும் நகைப்பும் முடிந்தது. அவர் வென்றுவிட்டார். பின்னர் அச்சக்கரத்தைப் பூட்டாத பந்தய வீரர் அரிதாயினர். சைக்கிளைத் தொடர்ந்து மோட்டார் வண்டியும் வந்தது. ரப்பருக்கு உலகமெங்கும் பசி உண்டாயிற்று.

அப்பசியைத் தணிக்க முன்வந்தது மலாயா. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைமையை ஏற்ற ரிட்லி, மரத்துக்குக் கேடின்றி மீண்டும் மீண்டும் பால் வெட்டி எடுக்கும் முறையைக் கண்டார். 1890களில் காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர் தம் நிலத்தில் ரப்பர் பயிரிட்டனர். அடுத்த 20 ஆண்டுகளுக்குள் சிலாங்கூரின் காடுகள் பால்மரக் காடுகளாயின. காட்டை அழிக்கவும், கன்று நடவும், பால் வெட்டவும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை நீடித்தது. 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை கப்பல்கள் வந்துகொண்டேயிருந்தன.

இப்பொழுது அந்தக் கோரிக்கையை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். சைக்கிளுக்கு வேண்டியது சக்கரம். சக்கரத்துக்கு வேண்டியது ரப்பர். ரப்பருக்கு வேண்டியது தமிழனின் கை. விடியுமுன் எழுந்து, பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, நூற்றுக்கணக்கான மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டி, மீண்டும் அதே வழியில் நடந்து பாலெடுத்து, வாளிகளைக் காண்டாவில் சுமந்தவன் அவன். அவ்வாறு அவன் எடுத்த பால் கடல் கடந்து சென்று, சக்கரமாகித் திரும்பி வந்தது. பல மாதம் மிச்சம் பிடித்து அவன் அதனை வாங்கினான். வாங்கிய பின்னர், அதன்மேல் அமர்ந்து செல்ல அவனுக்கு உரிமையில்லை என்றார்கள். உலகச் சரித்திரத்தில் இதைவிடக் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டோ?

இறங்கச் சொன்னவர் யார்?

துரைமார் மீது பழி சுமத்திவிட்டுப் போவது எளிது. ஆனால் கோரிக்கையின் சொற்களை நேர்மையோடு படிக்க வேண்டும். வெள்ளையர் முன் மட்டுமன்று, ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் இறங்க வேண்டியிருந்தது என்று அது கூறுகிறது. அந்த ஆசிய உத்தியோகஸ்தர் யார்? பெரிய கிராணியார், சின்னக் கிராணியார், வெளிக்காட்டுக் கிராணியார், மருத்துவமனை உதவியாளர். அவருட் பலர் தமிழர், யாழ்ப்பாணத்தார், மலையாளத்தார். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். கறுப்பு வெள்ளைக்காரர் என்று தொழிலாளரால் அழைக்கப்பட்டவர்கள்.

நானும் ஒரு தோட்டத்துக் கிராணிதான். என் பாட்டனாரும் கிராணியாராக இருந்தவரே. சிறுவனாயிருந்தபோது அவர் சொல்லக் கேட்ட கதை ஒன்று உண்டு. புதிதாகச் சைக்கிள் வாங்கிய ஒரு பால்வெட்டுக்காரன், அலுவலகத்தைக் கடக்கும்போது இறங்காமல் மணியடித்துக்கொண்டு போய்விட்டானாம். பாட்டனார் அவனைத் திரும்ப அழைத்து, மீண்டும் அலுவலகத்தின் முன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போகச் செய்தாராம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமில்லை. ஒழுங்கு காத்த பெருமிதமே இருந்தது. நாங்கள் பேரப்பிள்ளைகள் அனைவரும் சிரித்தோம். அந்தப் பால்வெட்டுக்காரனுக்கும் பேரப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அவன் இக்கதையைச் சொல்லியிருப்பானா என்பது அன்று எங்கள் மனத்தில் எழவில்லை.

வழக்கத்தின் கொடுமை இதுவே. கொடியவர் மட்டுமே அதைக் காப்பதில்லை. நல்லவர், குடும்பத்தை நேசித்தவர், கோயிலுக்குப் பொருள் கொடுத்தவர் ஆகிய எல்லாரும் அதைக் காத்தனர். ஊரில் உயர்ந்த சாதியான் வரும்போது தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலிற் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நின்ற வழக்கம் கப்பலேறி வந்தது. இங்கே துண்டுக்கும் செருப்புக்கும் பதிலாகச் சைக்கிள் கிடைத்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயா வந்து சுயமரியாதை என்ற சொல்லை ஊர்தோறும் விதைத்துச் சென்றார். 12 ஆண்டுகட்குள் கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கைப் பட்டியலில் சைக்கிள் இடம்பெற்றது. பல காற்றுகள் அக்காலத்தில் வீசின. அவற்றுள் அதுவும் ஒன்று.

வயிற்றுக்கில்லாதவன் மானத்தைப் பற்றிப் பேசுவது ஏன், கூலியைக் கேட்டால் போதாதா என்று அன்றும் சிலர் கேட்டிருப்பர், இன்றும் கேட்பர். கூலியும் மானமும் வெவ்வேறல்ல. கண்டவுடன் இறங்கி ஒதுங்கி நிற்பவனிடம் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான் என்பது கொடுப்பவன் கணக்கு. இறங்க மறுத்தவனோடுதான் பேரம் பேச வேண்டியிருக்கும். இதைத் தொழிலாளரும் அறிந்திருந்தனர், முதலாளிமாரும் அறிந்திருந்தனர். ஆதலினாற்றான் அவ்வேலைநிறுத்தத்தின் முடிவு அத்துணைக் கடுமையாயிற்று. தமிழ் நேசன் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவரும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே தொழிலாளரைத் திரட்டியவருமான ஆர். எச். நாதன் 1941 மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது, படைகள் வந்தன, துப்பாக்கிகள் வெடித்தன, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்கினர். இறங்கச் சொன்ன துரைமார் தாமே வண்டியேறித் தெற்கு நோக்கி ஓடினர். அவர்களைத் துரத்தி வந்த ஜப்பானியச் சிப்பாய்களுட் பெருந்தொகையினர் வந்தது எதிலென்று அறிவீர்களா? சைக்கிளிலேதான்.

அமெச்சூர் என்னும் சொல்

இனிப் பந்தயத்துக்கு வருவோம். அமெச்சூர் என்னும் சொல் அன்பு செய்தல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. பணத்துக்காகவன்றி விளையாட்டின் மேலுள்ள அன்பினால் ஆடுபவன் என்பது பொருள். ஆங்கிலப் பள்ளியில் இச்சொல்லை நான் கற்றபோது எவ்வளவு இனிய சொல் என்று எண்ணினேன். அதன் சரித்திரத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

1866இல் இலண்டனில் தோன்றிய அமெச்சூர்த் தடகள மன்றம், யார் அமெச்சூர் என்பதற்கு வகுத்த இலக்கணத்தில், பணத்துக்காகப் போட்டியிட்டவர் கூடாது என்பதோடு நில்லாமல், கம்மியரும் கைவினைஞரும் கூலித் தொழிலாளரும் அமெச்சூர் ஆகார் என்றும் கொண்டது. அதாவது ஒருவன் ஓடிப் பணம் பெறாவிட்டாலும், வேறு வேலையிற் கையால் உழைத்துக் கூலி பெற்றால் போதும். அவன் களத்தில் கால் வைக்கலாகாது. உழைத்து உரமேறிய உடல் உள்ளவனோடு போட்டியிடுவது கனவானுக்கு நியாயமன்று என்பது அவர்கள் காட்டிய காரணம். தோற்றுவிடுவோம் என்ற அச்சம் என்பது அதன் பச்சையான பொருள். 1880இல் புதிய தடகளச் சங்கம் அமைந்தபோது அவ்விலக்கணம் கைவிடப்பட்டது. ஆயினும் ஹென்லி படகுப் போட்டியில் அதுபோன்ற விதி 1930களின் பிற்பகுதிவரை நீடித்தது.

பிற நாடுகளிலும் இந்நோய் இருந்தது. அமெரிக்கச் சைக்கிள் சங்கம் 1894இல் கறுப்பரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 1899இல், மேஜர் டெய்லர் என்ற கறுப்பு வீரர் சைக்கிளில் உலக வாகையர் பட்டம் பெற்றார். அத்தீர்மானத்தை அச்சங்கம் முறையாகக் கைவிட்டது 1999இல். 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற செவ்விந்தியரான ஜிம் தோர்ப், முன்பு சிறு தொகை பெற்றுப் பந்தாடினார் என்பதற்காகப் பதக்கங்களை இழந்தார்; அவர் மாண்டு பல ஆண்டுகள் கழித்து, 1982இல்தான் அவருக்கு அப்பெருமையைத் திருப்பித் தர ஒலிம்பிக் குழு இசைந்தது. 1970களில் ஒலிம்பிக் விதிகளிலிருந்தே அமெச்சூர் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது.

இவ்விலக்கணம் எழுத்து வடிவில் நம் தோட்டங்களுக்கு வந்ததா என்பது பெரிதன்று. வாழ்க்கை வடிவில் வந்துவிட்டது. கோலாலம்பூரில் 1884இல் சிலாங்கூர் கிளப் தோன்றியது. அதன் எதிரேயிருந்த திடலில் துரைமார் ஆடினர். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கிய பின், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. மாலை ஐந்து மணிக்கு மேசையை மூடிவிட்டு வீடு திரும்பும் குமாஸ்தாக்களுக்கு மாலைப்பொழுது என்று ஒன்று இருந்தது. எனவே அவர்களுக்கு விளையாட்டும் இருந்தது. 1914இல் கோலாலம்பூரில் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் தோன்றியது நம் நகரத் தமிழரின் பெருமைக்குரிய செயலே. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நகரத்துக்கு 10 கல் தொலைவில் லயத்தில் வாழ்ந்தவனுக்கு என்ன இருந்தது? நாள்தோறும் கல் கணக்கில் நடந்த கால்கள் அவனுடையவை. சுமை தாங்கிய தோள்கள் அவனுடையவை. ஓட்டத்துக்கு வேண்டிய உடலை வேலையே அவனுக்குத் தந்திருந்தது. ஓடுவதற்கு வேண்டிய மாலைப்பொழுதையும் மைதானத்தையும் மட்டும் யாரும் தரவில்லை.

1923இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் தோன்றின. அவற்றுட் பல ஒரே அறையும் ஓர் ஆசிரியருமாக நின்றன. ஓடுதளத்தைப் பற்றி அங்கே யார் பேசியிருப்பார்?

களத்தில் நின்றவர்

சுதந்திரத்துக்குப் பின் காலம் மாறியது. பேராக்கில் பிறந்த மணி ஜெகதீசன் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது பதினாறு வயதினர். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டரில் தங்கம். 1966இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 பேர் தொடரோட்டம் ஆகியவற்றில் மூன்று தங்கம். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதிவரை சென்றார். அங்கே அவர் பதித்த 20.92 விநாடி என்னும் தேசியச் சாதனை 2017வரை, 49 ஆண்டுகள் நிலைத்து நின்றது. அவர் மருத்துவம் பயின்றுகொண்டே ஓடியவர். பறக்கும் டாக்டர் என்று பத்திரிகைகள் அழைத்தன. அதே 1966 பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். ராஜாமணி. அவர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஓடியவர். நாட்டின் சிறந்த வீரர், வீராங்கனை என்ற விருதுகள் 1966இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அவற்றைப் பெற்ற இருவரும் தமிழரே.

1985இல் பி. ராஜ்குமார் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 விநாடியில் ஓடித் தங்கம் பெற்றார். சைக்கிளில் எம். குமரேசன் 1988 சியோல், 1992 பார்சலோனா ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் நாட்டின் நிறம் அணிந்தார். 1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது, 50 கிலோமீட்டர் நடைப் பந்தயத்தில் ஜி. சரவணன் முதலாவதாக வந்து தங்கம் வென்றார். ஐம்பது கிலோமீட்டர் என்பது, கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு நடந்து சென்று, திரும்பும் வழியிலும் பாதி நடப்பது போன்றது. இயந்திரமில்லை, குதிரையில்லை, இரண்டு கால்கள் மட்டுமே.

தொழிலாளி சைக்கிளில் ஏறியபடியே செல்லலாமா என்று கேட்டதற்குத் துப்பாக்கியால் விடை சொல்லப்பட்ட மாநிலத்துக்கு நடுவே, கோலாலம்பூரில், 57 ஆண்டுகள் கழித்து ஒரு தமிழன் நடந்து வர, உலகம் எழுந்து நின்று கைதட்டியது. இது சிறிய தூரமன்று.

பிராங் பெசார்

ஆயினும் இக்கதையை மகிழ்ச்சியோடு முடித்துவிட மனம் இடந்தரவில்லை. பவர்மேன் பந்தயம் நடந்த புத்ராஜெயா எங்கே எழுந்தது? பிராங் பெசார் என்ற தோட்டத்தின் மேல். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், அப்போரில் பணியாற்றித் திரும்பிய ஆங்கில அதிகாரிகள் காடழித்துத் தொடங்கிய தோட்டம் அது. பெரும் போர் என்பது அப்பெயரின் பொருள். பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டத்து மக்களும் 1990களில் தலைநகர் கட்டுவதற்காக இடம்பெயர்ந்து டிங்கில் பகுதியின் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். 1999இல் பிரதமர் அலுவலகம் புத்ராஜெயாவுக்கு வந்தது. பால்வெட்டுக்காரர் விடியுமுன் விளக்கேந்தி நடந்த மண்ணின் மேல் இன்று தார்ச்சாலை. அதன்மேல் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஓட்டக்காரர் விளக்கேந்தி ஓடுகின்றனர்.

ஓடுபவர் யார்? பந்தயச் சைக்கிள் ஒன்றின் விலை ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். அதனோடு காலணி, தலைக்கவசம், நுழைவுக் கட்டணம், பந்தயக் களத்துக்குச் செல்லும் வழிச்செலவு. யாரும் யாரையும் தடுப்பதில்லை. எந்த விதியிலும் கூலித்தொழிலாளி கூடாது என்று எழுதியிருக்கவில்லை. 1866இல் எழுத்தால் செய்ததை இன்று விலை செய்கிறது. எழுத்தை எதிர்த்துப் போராடலாம். விலைச்சீட்டை எதிர்த்து எங்கே கொடி பிடிப்பது?

நான் கலந்துகொண்ட பந்தயத்தில், எங்கள் தோட்டத்து டிராக்டர் ஓட்டியின் மகனும் வந்திருந்தான். உறவினர் ஒருவரின் பழைய சைக்கிளை இரவல் வாங்கிப் பழுதுபார்த்துக் கொண்டுவந்திருந்தான். அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் என்னைக் "கிராணியாரய்யா" என்று அழைப்பவன் அவன். இருபதாவது கிலோமீட்டரளவில் என் பின்னால் ஒரு குரல் கேட்டது. "அண்ணே, வலப்பக்கம் வாறேன்!" நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். அவன் கடந்து போனான். பந்தயம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது, மீண்டும் "ஐயா" என்றான். சைக்கிளின் மேல் இருந்த பொழுதில் மட்டும் நான் அவனுக்கு அண்ணனாயிருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் 1941இல் கிள்ளான் தொழிலாளர் கேட்டனர் என்று எனக்குத் தோன்றியது.

நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், மாலை போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அச்செலவில் ஒரு பகுதியால் பத்துச் சைக்கிள் வாங்கிப் பொதுவில் வைக்கலாகாதா? பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று எங்கெங்கு நம்மவர் உளரோ அங்கெல்லாம், கட்டணமில்லாப் பந்தயம் ஒன்றை ஆண்டுக்கொருமுறை நடத்தலாகாதா? ஓட்டத்துக்கு வேண்டியது சாலையும் காலும்தானே? பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ராஜாமணி ஓடிய நாட்டில் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் பிறர்க்குச் சொன்னேன். எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று மீந்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் இப்பொழுது பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை. லயத்து வீடுகளில் இருப்பவர் பலர் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும். பந்தயத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை, நான் மோட்டார் சைக்கிளில் அலுவலகம் சென்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு வங்காளதேசத் தொழிலாளி பழைய சைக்கிளில் வந்தார். என்னைக் கண்டதும் இறங்கி, ஓரமாக ஒதுங்கி நின்றார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. அவர் நெடுநாளாகவே அவ்வாறு இறங்குபவர்தான். நானும் நெடுநாளாகத் தலையசைத்துவிட்டுப் போகிறவன்தான். இறங்க வேண்டாம் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அன்றுதான் என் முகத்திலும் பாட்டனாரின் பெருமிதம் இருந்திருக்குமோ என்று நாணினேன்.

வண்டியை நிறுத்தி, எனக்குத் தெரிந்த மலாய் மொழியில், இனி இறங்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் புன்னகை செய்தார், நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாளும் இறங்கினார். மூன்றாம் நாளும் இறங்கினார். நானும் ஒவ்வொரு நாளும் நின்று சொல்லி வருகிறேன்.

பந்தயத்தில் இறங்குகோடு உண்டு. அங்கே எல்லாரும் இறங்குவோம், நானும் இறங்குவேன். மனிதன் முன் மனிதன் இறங்குவதற்கு மட்டும் எந்தச் சாலையிலும் கோடு இருக்கலாகாது.